அண்டம் இவ்வளவு பெரிது என்றால் நம் வாழ்க்கைக்கு என்ன பொருள்?

கேள்வி: வாசகர், அஸ்தம்பட்டி, 3 மே 2025

இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். சென்ற வாரம் நண்பர்களோடு ஏற்காட்டில் தங்கியிருந்தபோது, லேடீஸ் சீட் பக்கம் இரவில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளையும் மேலே விண்மீன்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1380 கோடி ஆண்டு வயதுள்ள அண்டம். அதில் பல்லாயிரம் கோடி விண்மீன் மண்டலங்கள். இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளில் வீங்கிப் பிறகு அணையப்போகிற ஒரு நடுத்தரச் சூரியன். அதன் மூன்றாவது கோளில் நான் எழுதப்போகும் செமஸ்டர் தேர்வு. இதையெல்லாம் படித்த பிறகு எதற்கும் பொருள் இருப்பதாகத் தோன்றவில்லை. அறிவியல் வாழ்க்கையின் பொருளைத் தின்றுவிடுகிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 மே 2025, இரவு

நான் இயற்பியல் படித்தவன் இல்லை. சிவதாபுரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொலுசுப் பட்டறை நடத்தியவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதுபோன்றவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கையாண்ட வெள்ளி பூமியில் உண்டானதில்லை. சூரியனும் அதை உண்டாக்கும் அளவுக்குப் பெரியதில்லை. நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் செத்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கருக்கள்) எங்கோ மோதிச் சிதறியதில் பிறந்தது அது. அத்தகைய மோதல் ஒன்றின் அதிர்வை 2017 ஆகஸ்ட் 17 அன்று கருவிகள் பதிவு செய்தன. அது நடந்த இடம் ஏறக்குறைய 13 கோடி ஒளியாண்டுத் தொலைவு. சூரியனிலிருந்து ஒளி நம்மிடம் வர எட்டு வினாடி ஆகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய கதையை உடைய உலோகத்தை நாங்கள் என்ன செய்கிறோம்? கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகக் கோத்து, வெண்காரம் வைத்து ஊதி, சலங்கை முத்து கட்டி, ஒரு வயதுக் குழந்தையின் காலில் மாட்டுகிறோம். ஐந்தாறு ஆண்டுகளில் அது தேய்ந்தோ அறுந்தோ பழைய வெள்ளியாகத் திரும்பி வரும். உருக்கும் கிண்ணமான மூசையில் போட்டால் சற்று நேரத்தில் எந்தக் குழந்தையின் கால் என்ற அடையாளமே இருக்காது.

கொலுசு வாங்க வந்த எவரும் என்னிடம், இது 500 கோடி ஆண்டுகள் இருக்குமா என்று கேட்டதில்லை. குழந்தை நடக்கும்போது சத்தம் வருமா என்று கேட்பார்கள். சூரியன் என்றாவது அணையும் என்பதால் உங்கள் தேர்வு வெறுமையாகிவிடும் என்றால், சூரியன் என்றென்றைக்கும் எரிந்துகொண்டிருந்தால் அந்தத் தேர்வுக்குப் பொருள் வந்துவிடுமா? எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை.

5 மே 2025

எட்டு வினாடி இல்லை, எட்டு நிமிடமும் சில வினாடிகளும். சுட்டிக்காட்டிய ஆத்தூர் அன்பருக்கு நன்றி. என் கணக்குப்படி சூரியன் நிலவைப்போல் ஆறு மடங்குத் தொலைவில்தான் இருந்திருக்கும். அப்படி இருந்தால் இந்தக் கேள்வி-பதில் இழையைப் படிக்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

வெள்ளியைப் பற்றியும் சற்று அவசரப்பட்டுவிட்டேன். தங்கம், பிளாட்டினம் ஆகியவற்றின் பிறப்போடுதான் நியூட்ரான் விண்மீன் மோதலை உறுதியாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். வெள்ளி பல வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஒரு பங்கு முதிய விண்மீன்களின் உள்ளே நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கி மெல்ல உண்டாகிறது. பெரும்பங்கு நியூட்ரான்கள் அடைமழையாகப் பொழியும் வன்மையான நிகழ்வுகளில் உண்டாகிறது. பட்டறைக்கு வந்து சேரும் கட்டியில் இரண்டும் கலந்தே இருக்கும். எந்த அணு எங்கே பிறந்தது என்று டச்சு (தூய்மை) பார்க்கிறவரும் சொல்ல முடியாது.

9 மே 2025

முதல் குறிப்பை மறுபடி படித்தேன். அது கெட்டிக்காரத்தனமான பதில். மாணவரின் வாயை அடைக்கலாம். ஆனால் அறிவியல் என் வாழ்க்கையில் உண்மையில் என்ன செய்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் பட்டறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயது இருக்கும், 1976 வாக்கில். உருக்கிய வெள்ளியை அச்சில் ஊற்றி ஆறவிட்டால், சில நாள்களில் அது மேலே உறைந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று குமிழியிட்டு வெடித்துச் சிறு சிறு துளிகளைத் தெறிக்கவிடும். ஆறிய பிறகு பார்த்தால் கட்டியின் முகம் அம்மை போட்டதுபோல் இருக்கும். வெள்ளி துப்புகிறது என்பார் அப்பா. துப்பிய கட்டியைக் கம்பி இழுத்தால் நடுவில் அறுந்து அறுந்து போகும். ஒரு நாள் கூலி வீண்.

வெள்ளி ஏன் துப்புகிறது என்பதற்கு அப்பாவிடம் விளக்கம் தயாராக இருந்தது: யாருடைய கண்ணோ பட்டிருக்கிறது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். அதற்குப் பிறகும் துப்பியது. அப்போது துருத்தி ஊத ஒரு பையன் இருந்தான், ஏறக்குறைய என் வயது. அவன் கைராசி சரியில்லை என்று முடிவாயிற்று. அவன் லீவு போட்ட இரண்டு நாள்களில் வெள்ளி துப்பவில்லை, அதுவே சாட்சி. ஒரு மாலை அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்து, கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். அவன் அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனான். அந்தக் காட்சி எனக்கு இன்னும் போகவில்லை.

காரணம் எனக்குத் தெரிய வந்தது 1988இல், வேதியியல் படித்த ஒரு வாடிக்கையாளர் வாயிலாக. வெள்ளி உருகிய நிலையில் காற்றிலிருந்து தன் கன அளவைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு ஆக்சிஜனைக் குடித்துக்கொள்ளும். உறையும்போது அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் வெளியே தள்ளும். மூசையில் மரக்கரிப் பொடியைத் தூவி மூடி வைத்தால், கரி அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும், வெள்ளி துப்பாது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் கரிப்பொடி டப்பா ஒன்று உலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பையன் லீவு போட்ட நாள்களில் துருத்தியை அப்பாவே மெதுவாக ஊதியிருப்பார், உலையில் கரி அதிகம் கிடந்திருக்கும். அவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும்.

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்பவே தெரிஞ்சிருந்தா அந்தப் பையன அடிச்சிருக்க மாட்டேனே” என்றார். ஆக்சிஜனைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

10 மே 2025

சேலம் குகைப் பகுதியிலிருந்து எழுதும் அன்பர், இது உலோகவியல், இதில் வாழ்க்கையின் பொருள் எங்கே வந்தது என்று கேட்கிறார். பொறுங்கள், வருகிறேன்.

18 மே 2025

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அக்காவிடம் கேட்டேன். “எழுது, பேர் மட்டும் போடாத” என்றார்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, முழுச் சூரிய கிரகணம். முழு மறைப்பின் பாதை கார்வார் பக்கம் கரையேறிக் கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒடிசா வரை சென்றது. சேலத்தில் பகுதி மறைப்புத்தான். ஆனால் பிற்பகலில் தெரு காலியாகிவிட்டது. கடைகளை அடைத்தார்கள், சாப்பாட்டுப் பாத்திரங்களில் தர்ப்பையைப் போட்டு வைத்தார்கள். அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, தலைச்சன், ஆறு மாதம். உள் அறையில் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து வந்து, மாலைச் சமையலுக்கு நேரமாகிறதே என்று அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்கியிருக்கிறார். நான்கு காயோ ஐந்து காயோ. மாமியார் பார்த்துவிட்டார்.

மே மாதம் நடுவில் ஆண் குழந்தை பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த வீட்டில் அரிவாள்மனை எடுக்கப்படும்போதெல்லாம் யாராவது ஒருவர் எதையாவது சொல்வார். கோபத்தில் சொன்னது குறைவு. பெரும்பாலும் பெருமூச்சோடு, பரிதாபமாகத்தான் சொல்வார்கள். அதுதான் கொடுமை. குழந்தைக்குப் பால் குடிக்க முடியவில்லை. பாலாடையில் ஊற்றினாலும் மூக்கு வழியாக வந்துவிடும். உதட்டுப்பிளவை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தைத்துவிடலாம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அவனுக்குத் தைத்தது ஆறு வயதில். கிரகண தோஷத்துக்குப் பரிகாரம் முடியாமல் கத்தி வைக்கக் கூடாது என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. தன்னால்தான் நேர்ந்தது என்று அவரே நம்பிவிட்டார்.

அந்தப் பிளவைத் தைத்த மருத்துவரிடம் வெளியே நின்று நானாகத்தான் கேட்டேன், ஐயா, கிரகணத்தில் காய் நறுக்கினால் இப்படி ஆகுமா என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குழந்தை என்று பிறந்தது, கிரகணம் என்று நடந்தது என்று கேட்டார். ஒரு சீட்டின் பின்புறத்தில் எழுதினார். முகத்தின் இரண்டு பக்கத் தசைகளும் நடுவே வந்து சேர்ந்து மேலுதடாவது கருத்தரித்த நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். மே நடுவில் பிறந்த குழந்தை என்றால் முந்தைய ஆகஸ்ட் நடுவில் கருவாகியிருக்கும். உதடு சேர வேண்டிய காலம் அக்டோபர் முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது. பிப்ரவரியில் வந்த கிரகணம் அக்டோபரில் முடிந்துபோன வேலையை எப்படிக் கெடுக்கும் என்று கேட்டு, சீட்டை என் கையில் கொடுத்தார். பிளவுக்குப் பரம்பரையும், ஃபோலிக் அமிலக் குறைவு போன்ற வேறு பலவும் சேர்ந்து காரணமாகலாம், உலகம் முழுவதும் ஏறக்குறைய எழுநூறு பிறப்புக்கு ஒன்று இப்படி நேர்கிறது, உன் அக்கா தனியாக எதுவும் செய்துவிடவில்லை என்றார்.

குழந்தை கருவான அந்த 1979இல் தீபாவளி அக்டோபர் இருபதையொட்டி வந்தது. தலைதீபாவளி முடிந்த மறுவருடம் அது. அக்கா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், வாந்தி என்று எதையும் சாப்பிடவில்லை, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே அந்த உதடு இப்படித்தான் என்று ஆகியிருந்தது. நிலவு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் இதுதான். அண்டம் நம்மைப் பொருட்படுத்தவில்லை என்பதை நீங்கள் ஏற்காட்டில் நின்று துயரமாக உணர்ந்தீர்கள். எனக்கு அது ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விடுதலைப் பத்திரமாகக் கையில் வந்தது. ராகு என்று ஒருவன் மேலிருந்து எங்கள் சமையலறையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான்கு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஒரு பாறை உருண்டை சூரியனுக்குக் குறுக்கே சென்றது. அதற்கு என் அக்காவையும் தெரியாது, கத்தரிக்காயையும் தெரியாது.

19 மே 2025

சீட்டை என்ன செய்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அக்காவிடம் கொடுத்தேன். படித்தார். மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். மறுநாள் எடுத்து மறுபடி விரலால் மாதங்களை எண்ணிப் பார்த்தாராம். மாமியாரிடம் காட்டினாரா என்று கேட்டேன்; “அவங்க படிக்கத் தெரியாதவங்க, விடு” என்றார்.

25 மே 2025

வீராணம் பக்கத்து வாசகர் எழுப்பிய எதிர்க்கேள்வியை நான்கு நாள்களாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். கெட்டதற்கு மேலே யாரும் பொறுப்பில்லை என்றால் நல்லதற்கும் யாரும் பொறுப்பில்லை. பழியைத் தள்ளியவர் நன்றியையும் சேர்த்துத் தள்ள வேண்டியதுதானே என்கிறார்.

இந்த மாதம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வழக்கம்போல் போனேன். மலையின் உச்சியில், 5326 அடியில், குனிந்து நுழையும் குகைக்குள் இருக்கிற சாமி. மலைவாழ் மக்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஐம்பது ஆண்டுகளாகப் போகிறேன். முன்பெல்லாம் வேண்டிக்கொள்வேன், இப்போது வேண்டிக்கொள்வதில்லை. ஆனால் போகாமலும் இருப்பதில்லை. குகையின் ஈரத்தில் கற்பூரப் புகை வெளியே போக வழியில்லாமல் கண்ணைக் கரிக்கும்போது, எனக்கு முன்னால் அதே இடத்தில் குனிந்த என் அப்பா, அவருடைய அப்பா எல்லோரும் நினைவுக்கு வருகிறார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்ற உந்துதல் வருகிறது என்பதை மறைக்க மாட்டேன். பெறுகிறவர் யார் என்று தெரியாமல் கடிதம் எழுதுவதுபோல் இருக்கிறது. மருத்துவருக்குச் சொல்ல முடியும், கரிப்பொடி ரகசியம் சொன்ன வாடிக்கையாளருக்குச் சொல்ல முடியும். காலை ஐந்து மணிக்கு மலைமேல் வீசிய காற்றுக்கு யாரிடம் சொல்வது?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பழி ஒருவர் தலையில் போய் உட்காரும், நன்றி யார் தலையிலும் உட்காராவிட்டாலும் எவருக்கும் வலிக்காது என்று ஒரு வேறுபாடு தோன்றுகிறது. வாதத்தில் இது எவ்வளவு நிற்கும் என்று தெரியவில்லை. நீங்களே தட்டிப் பாருங்கள்.

2 ஜூன் 2025

இழை கொஞ்சம் மலைப்பக்கம் ஒதுங்குகிறது, பொறுத்துக்கொள்ளவும். சேர்வராயன் மலை அணைந்துபோன எரிமலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அது பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பாறை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தரைக்குப் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்துபோய் இன்று வெளியே தெரிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய இடங்களில் பாருங்கள். புதிதாக உடைந்த முகம் பச்சையும் பழுப்பும் கலந்து எண்ணெய் தடவியதுபோல் மின்னும்.

பெயர் வந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கு வைத்த கல் இதே வகை. சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் அது. அதைக் கொண்டுதான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார். அந்த வணிகர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 250 கோடி வயதுள்ள பாறைக்கு அவர் பெயர். மாணவர் தம் அண்டக் கணக்கில் இதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஊருக்கு மேற்கே கஞ்சமலையில் இரும்பு. வடக்கே வெள்ளைக்கல் சுரங்கத்தில் மெக்னீசியம். நம் ரத்தத்தின் சிவப்புக்கு நடுவில் இருப்பது இரும்பு அணு. ஏற்காட்டுக் காப்பிச் செடியின் இலைப் பச்சைக்கு நடுவில் இருப்பது மெக்னீசியம் அணு. இரண்டையும் சுற்றியிருக்கும் கூடு ஏறக்குறைய ஒரே வடிவம். நம் ரத்த இரும்பு கஞ்சமலையிலிருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது கீரையிலிருந்தும் கேழ்வரகிலிருந்தும் வருகிறது. ஆனால் இதைப் படித்த அன்று மாலை வாசலில் நின்று இரண்டு மலைகளையும் சற்று நேரம் பார்த்தேன்.

14 ஜூன் 2025

மே 18ஆம் தேதிக் குறிப்பைப் பலர் பாராட்டியிருக்கிறீர்கள். பாராட்டைப் படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் கதையின் பிற்பாதியைச் சொல்லவில்லை.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலை. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் கங்கண கிரகணம், நிலவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரிவது. சேலத்தில் சூரியன் பிறைபோல் மெலிந்தது. நான் அக்கா வீட்டில் இருந்தேன். முற்றத்து வேப்பமரத்தின் கீழே சிமெண்டுத் தரை முழுவதும், இலை இடுக்குகள் வழியாக விழுந்த ஒளி நூற்றுக்கணக்கான சிறு பிறைகளாகக் கிடந்தது. காற்று அசைந்தால் எல்லாப் பிறைகளும் ஒன்றாக ஆடும். என் வாழ்நாளில் அதைவிட அழகான தரையை நான் பார்த்ததில்லை.

உள்ளே, அக்காவின் இளைய மகனுடைய மனைவி, ஆறு மாதக் கர்ப்பம், கதவைச் சாத்திய அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி உட்காரவைக்கப்பட்டிருந்தாள். உட்காரவைத்தது அக்கா.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அந்தச் சீட்டு, அந்த மாதக்கணக்கு எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்குத் தெரியாதா தம்பி, நெழல் ஒண்ணும் செய்யாதுன்னு? நீ குடுத்த கணக்க நான் மறக்கல. ஆனா நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு மச்சம் தப்பான எடத்துல இருந்தாக்கூட ஊரு இவளத்தான் கேக்கும். மூணு மணி நேரம் உள்ள உக்காந்துட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. நான் பயப்படறது நெழலுக்கு இல்ல கண்ணு.”

நான் வெளியே வந்து பிறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்போல் அழகாகத் தெரியவில்லை.

15 ஜூன் 2025

நேற்று தூக்கம் வராமல் யோசித்தது. அண்டத்துக்கு நம்மைத் தெரியாது என்பதை விடுதலைப் பத்திரம் என்று எழுதினேன். அது மேல்கோர்ட்டுத் தீர்ப்பு. தெருவில் அதை யாரும் படிப்பதில்லை. நிலவு அலட்சியமாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அம்மாள் அலட்சியமாக இருக்க மாட்டார். நான் சீட்டை அக்கா ஒருவரிடம் மட்டும் கொடுத்தேன்; மாமியாரிடமோ, மாமாவிடமோ, பெருமூச்சு விட்ட அந்த நாலைந்து பெண்களிடமோ வாய் திறந்து சொல்லவில்லை. ஆண்பிள்ளை பேறுகாலப் பேச்சில் தலையிடக் கூடாது என்று எனக்கே ஒரு சாக்கு வைத்திருந்தேன். அக்கா முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தன் மருமகளுக்கு ஒரு போர்வை கட்டியதற்கு அந்த என் மௌனமும் காரணம்.

ஆகவே மாணவரின் வாக்கியத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: அறிவியல் என் வாழ்க்கையின் பொருளைத் தின்னவில்லை, ஒரு வேலையைக் கொடுத்தது, அந்த வேலையை நான் பாதியில் விட்டிருந்தேன்.

இப்போது பட்டறையிலும் உறவிலும் யாராவது கர்ப்பமாக இருந்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மாமியார் முன்னாலேயே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து ஒரு கங்கண கிரகணம் வரப்போகிறது. நாளும் பாதையும் இப்போதே தெரியும். அன்றைக்குக் கர்ப்பமாக இருக்கப்போகிற பெண்களில் பலர் இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மேல் வன்மம் வைத்துத்தான் நிலவு இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டிருக்கிறதா என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் காப்பி கொண்டுவரப் போய்விடுவார்கள்.

29 ஜூன் 2025

கதாநாயகனே இந்த இழையைப் படித்துவிட்டான். மருமகனுக்கு, அக்காவின் தலைச்சனுக்கு, இப்போது நாற்பத்தைந்து வயது, ஏற்காடு மலைச்சாலையில் பஸ் ஓட்டுகிறான். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவன் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் அழகைப் பார்ப்பதற்காகவே முன் இருக்கையில் உட்காருவேன். மீசைக்குக் கீழே தழும்பு இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவன் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாமா, அன்னைக்குச் சேலத்துல எத்தன ஆயிரம் பொம்பளைங்க காய் நறுக்கியிருப்பாங்க, ராகுவுக்கு எங்கம்மா நறுக்குன கத்தரிக்காதான் கெடச்சுதா?” இந்த ஒரு வரி, நான் எழுதிய அத்தனை வரிகளையும்விடக் கூர்மையாக இருக்கிறது. ஆறு வயதுவரை பள்ளிக்கூடத்தில் அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை, அடுத்த டிரிப்புக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டான்.

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டான்: அந்த காலேஜ் தம்பி பரீட்சை எழுதினானா?

1 ஜூலை 2025

எழுதினாராம். ஒரு பாடத்தில் அரியர். அதுவும் வெப்ப இயக்கவியலில். எல்லாம் ஒருநாள் ஆறி அணைந்துவிடும் என்ற அவருடைய கவலையில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஆத்தூர் அன்பர் எழுதியதை நான் வழிமொழிகிறேன்.

22 ஆகஸ்ட் 2025

சேலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வைத்த கம்பின் நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். இன்று பட்டறை வாசலில் கரிப்பொடி டப்பாவை வெயிலில் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டேகால் மணிக்குமேல் ஒரு கணம் நிழலே இல்லை. பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மகன் என்னை முறைத்தான்.

8 செப்டம்பர் 2025

நேற்று ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம். அக்கா வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்திருந்தோம். சூரிய கிரகணத்தைப்போல் இதற்குக் கண்ணாடியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம் என்பதால் எல்லோரும் வந்தார்கள்: மருமகன், இளையவன், அவன் மனைவி, அன்றைக்குப் போர்வைக்குப் பின்னால் வயிற்றில் இருந்த பெண் குழந்தை. அவளுக்கு ஐந்தரை வயது. காலில் எங்கள் பட்டறைக் கொலுசு, ஒரு பக்கத்தில் இரண்டு முத்து உதிர்ந்திருந்தன. மேகம் வந்து வந்து விலகியது. பத்து மணிக்குமேல் ஓரத்தில் அரித்ததுபோல் தொடங்கி, பதினொரு மணிக்கு நிலவு முழுவதும் செம்பு நிறமாயிற்று. பூமியின் காற்றுமண்டலத்தில் புகுந்து வளைந்துவந்த செந்நிற ஒளிதான் அது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தவிர யாரும் கேட்கவில்லை, அவளும் பாதியில் தூங்கிவிட்டாள்.

அக்கா கடைசியாகத்தான் படியேறி வந்தார், முழங்கால் வலி. ஒரு தட்டில் கொய்யாப்பழமும் கத்தியும் கொண்டுவந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, நிலவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பழத்தை நான்காக நறுக்கினார். பிறகு இன்னொன்று. மருமகள் கையை நீட்டினாள், மகன்கள் இருவரும் நீட்டினார்கள். மருமகன் கத்தியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு விதை இல்லாத பக்கமாகக் கொடுத்தார். பல் போன விஷயம் அவருக்குத் தெரியும். உப்பு, மிளகாய்த்தூள் எடுத்துவர மறந்துவிட்டேன் என்று அக்கா சொன்னார். யாரும் எடுத்துவரக் கீழே இறங்கவில்லை.